இயந்திர வேலையும் மூளை வேலையும்: பிரித்தானிய அரசாங்க சேவையிற் கணனித் திறன் பெற்ற மதிப்பு

அரசாங்க அலுவலகங்களுக்குப் புதிய பொறிகள் வரும் காலங்களில் எழும் விவாதங்கள் பெரும்பாலும் பொறிகளைப் பற்றியனவாகவே அமைந்துவிடுகின்றன. பொறியின் விலை யாது, அதன் வேகம் எத்தகையது, அதனாற் குறைக்கத்தக்க ஆளணி எவ்வளவு என்பனவே முதலில் வினவப்படும் வினாக்களாகும். பொறியை இயக்குபவர் யார், அவரது திறனுக்குச் சேவையிலே எத்தகைய இடம் அளிக்கப்பட்டுள்ளது, அவரது வேலை சிறந்ததா அன்றா என்று தீர்மானிக்கும் தகுதி யாரிடம் உள்ளது என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. ஆயினும், ஓர் அரசாங்க சேவை பொறியாற் பயன் பெறுவதும் பெறாது போவதும் பெருமளவுக்கு இப்பிந்திய வினாக்களுக்கு அது அளிக்கும் விடையிலேயே தங்கியுள்ளது. இதனை விளக்குவதற்குப் பிரித்தானியாவின் அனுபவத்தினும் தக்க உதாரணம் காண்பது அரிது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது இலத்திரனியற் கணனியை அரச பணிக்கு முதன்முதலிற் பயன்படுத்திய நாடு பிரித்தானியா. 1951 ஆம் ஆண்டில் ஒரு வர்த்தக நிறுவனத்தின் அன்றாட அலுவலகக் கணக்கைக் கணனி கொண்டு செய்து காட்டியதும் அந்நாடே. லயன்ஸ் என்னும் தேநீர்க்கடை நிறுவனம் தானே அமைத்துக்கொண்ட லியோ என்னும் கணனி அதற்குப் பயன்பட்டது. இவ்வாறு முன்னணியில் நின்ற நாடு மூன்று தசாப்தங்களுக்குள் பின்தங்கியது. 1990 ஆம் ஆண்டில் அந்நாட்டின் பிரதான கணனி நிறுவனமான ஐ.சி.எல். இன் பெரும்பான்மைப் பங்குகள் யப்பானின் புஜிற்சு நிறுவனத்தின் கைக்கு மாறின. இவ்வீழ்ச்சிக்கு ஐக்கிய அமெரிக்காவின் மூலதன வலிமை, ஐ.பி.எம். நிறுவனத்தின் சந்தைப் பலம் ஆகியவற்றையே ஆய்வாளர் பெரும்பாலும் ஏதுக்களாகக் கூறுவர். அவை பொய்யானவை அல்ல. எனினும், மார் ஹிக்ஸ் என்னும் வரலாற்றாய்வாளர் 2017 இல் வெளியிட்ட நூலில், பிரித்தானிய அரசாங்கத்தின் ஆவணங்களையே சான்றாகக் கொண்டு பிறிதோர் ஏதுவை எடுத்துக் காட்டினார். நாட்டில் மிகப் பெருமளவிற் கணனியைப் பயன்படுத்திய அரசு, அதனை இயக்கத் தெரிந்தவர்களைத் திறனுடையோராக ஏற்க மறுத்தது என்பதே அதன் சாரமாகும். இம்மறுப்பின் வேர்கள் கணனிக்கு ஒரு நூற்றாண்டு முற்பட்டவை. அதன் விளைவுகளோ இருபத்தோராம் நூற்றாண்டு வரை நீண்டுள்ளன.

1854 ஆம் ஆண்டின் பிரிவினை

பிரித்தானிய சிவில் சேவையின் நவீன அமைப்புக்கு அடிப்படையாக அமைந்தது, ஸ்ரபோர்ட் நோர்த்கோட், சார்ள்ஸ் ட்ரெவெலியன் ஆகிய இருவரும் தயாரித்து 1854 இல் வெளியான அறிக்கையாகும். அதற்கு முன்னர் அரசாங்கப் பதவிகள் உறவும் செல்வாக்கும் பற்றியே வழங்கப்பட்டன. அம்முறையை ஒழித்துப் போட்டிப் பரீட்சை மூலம் ஆட்சேர்க்க வேண்டும் என்று அவ்வறிக்கை விதந்துரைத்தது. 1855 இற் சிவில் சேவை ஆணைக்குழு நிறுவப்பட்டது. இது அறிக்கையின் முற்போக்கான அம்சம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதே அறிக்கை வேறொரு பிரிவினைக்கும் வித்திட்டது. அரசாங்க வேலையை அது மூளை வேலை, இயந்திர வேலை என இரண்டாக வகுத்தது. சிந்தித்து முடிவெடுக்கும் பணி பல்கலைக்கழகம் சென்ற இளைஞருக்குரியது. படியெடுத்தலும் பதிவு செய்தலும் கூட்டிக் கழித்தலும் கீழ்நிலையினருக்குரியன. இயந்திர வேலை எனும்போது அவ்வறிக்கை குறித்தது உண்மையான இயந்திரங்களை அன்று. அக்காலத்து அலுவலகங்களில் இறகுப் பேனையும் பேரேடுமே இருந்தன. சிந்தனை வேண்டாதது என்று கருதப்பட்ட வேலையே அப்பெயரைப் பெற்றது. பின்னர் உண்மையான பொறிகள் அலுவலகத்துட் புகுந்தபோது, அவற்றோடு தொடர்புடைய எல்லா வேலைகளும் ஆராய்ச்சியின்றியே அப்பெயரின் கீழ் அடங்கிவிட்டன. பொறியைத் தொடுபவர் சிந்திக்காதவர், சிந்திப்பவர் பொறியைத் தொடாதவர் என்னும் எண்ணம் சேவையின் அமைப்பிலேயே ஊறிவிட்டது.

பெண்களும் பொறிகளும்

1870 ஆம் ஆண்டில் நாட்டின் தந்திச் சேவை முழுவதையும் பிரித்தானியத் தபால் திணைக்களம் தனியாரிடமிருந்து பொறுப்பேற்றது. தந்திக் கம்பனிகளில் ஏற்கெனவே பணியாற்றிய பெண்களும் அதனோடு அரசாங்க ஊழியராயினர். பெண்கள் கணிசமான தொகையிற் சிவில் சேவையுட் புகுந்தது இவ்வாறேயாகும். இப்பொறுப்பேற்பை முன்னின்று நடத்திய பிராங்க் ஐவ்ஸ் ஸ்கடமோர் என்னும் உயர் அதிகாரி, பெண்களை வேலைக்கமர்த்துவதன் நன்மைகளைத் தமது அறிக்கையில் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். அவர்களுடைய கண்ணும் கையும் விரைவும் நுட்பமும் வாய்ந்தவை. தாழ்ந்த ஆண்களையே ஈர்க்கக்கூடிய சம்பளத்துக்கு உயர்ந்த குடும்பத்துப் பெண்கள் கிடைப்பர். சம்பள உயர்வு கோரி ஒன்றுசேரும் நாட்டம் அவர்களிடம் குறைவு. திருமணமானதும் விலகிச் செல்வர் ஆதலின் ஆண்டுதோறும் ஏறும் சம்பளத்தை நீண்டகாலம் கொடுக்க வேண்டியிராது என்பன அவர் கூறிய நியாயங்கள். திறன் இங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆனால் அது குறைந்த விலைக்கு வாங்கத்தக்க ஒரு பொருளாகவே ஏற்கப்பட்டது.

திருமணமான பெண் பதவி விலக வேண்டும் என்ற விதி 1946 வரை உள்நாட்டுச் சிவில் சேவையில் நிலைத்திருந்தது. அனுபவம் முதிரும் வயதிற் பெண்கள் வெளியேற்றப்பட்டனர். வெளியேற்றப்படுவர் என்பதனால் அவர்களுக்கு உயர் பயிற்சி அளிப்பது வீண் என்று கருதப்பட்டது. பயிற்சி அளிக்கப்படாமையினால் அவர்கள் கீழ்த்தரத்திலேயே தங்கினர். கீழ்த்தரத்திலே தங்கியமை, அவர்கள் அதற்கே தகுதியுடையோர் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஒன்றையொன்று தாங்கி நின்ற இத்தருக்கம் முக்கால் நூற்றாண்டு காலம் அசையாது நின்றது.

இதே காலப்பகுதியிலே துளையட்டைப் பொறிகள் அறிமுகமாயின. ஐக்கிய அமெரிக்காவின் 1880 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் விபரங்களைக் கையாற் கணித்து முடிக்கப் பல ஆண்டுகள் சென்றன. 1890 ஆம் ஆண்டு மதிப்பில் ஹெர்மன் ஹொலரித் அமைத்த பொறிகள் பயன்படுத்தப்பட்டன. ஆறு கோடியே இருபத்தாறு இலட்சம் மக்களின் முதற்கட்ட எண்ணிக்கை சில வாரங்களுக்குள் முடிவுற்றது. பிரித்தானியா 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இப்பொறிகளைக் கையாண்டது. அதன்பின் வருமான வரி, ஓய்வூதியம், சுங்கம், புள்ளிவிபரம் எனத் திணைக்களந்தோறும் அவை பரவின.

இப்பொறிகளோடு தொடர்புற்ற வேலை எத்தகையது என்பதை நோக்குதல் வேண்டும். ஒருவர் படிவத்தைப் பார்த்து அட்டையில் துளையிடுவார். இன்னொருவர் அதே படிவத்தை மீண்டும் பார்த்து அதே விசைகளை அழுத்தி முதலாமவரின் பிழைகளைக் கண்டுபிடிப்பார். பின்னர் அட்டைகள் தரம் பிரிக்கப்பட்டு, அட்டவணைப்படுத்தும் பொறியினூடாகச் செலுத்தப்படும். அப்பொறி எதனைக் கூட்ட வேண்டும், எதனை எவ்விடத்தில் அச்சிட வேண்டும் என்பதை இணைப்புப் பலகையில் வயர்களைப் பொருத்தித் தீர்மானித்தல் வேண்டும். ஒரு திணைக்களத்தின் கணக்கு முறையை நன்கு விளங்கிக்கொள்ளாத ஒருவரால் இப்பலகையைச் சரிவரப் பொருத்துதல் இயலாது. ஆயினும் சேவையின் ஏடுகளில் இவர்கள் அனைவரும் வெறும் இயந்திர இயக்குநரே. ஒரு மணித்தியாலத்தில் எத்தனை விசை அழுத்தப்பட்டது, எத்தனை பிழை நேர்ந்தது என்பதே அவர்களது செயற்றிறனை அளக்கும் கோலாயிற்று. விரலின் வேகம் அளக்கப்பட்டது. பிழையான படிவமொன்றைக் கண்டு நிறுத்தி விசாரித்த அறிவு எந்த அளவுகோலிலும் இடம்பெறவில்லை.

யுத்தகாலச் சாதனை

பிளெச்லி பார்க் என்னுமிடத்தில் ஜேர்மானியரின் இரகசியச் செய்திகளை உடைக்கும் பணியிற் சாதாரண பொறிகள் போதாமற்போன வேளையில், கொலோசஸ் என்னும் இலத்திரனியற் பொறி தோன்றியது. அதனை வடிவமைத்தவர் தபால் திணைக்களத்தின் டொலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ரொமி பிளவர்ஸ் என்னும் பொறியியலாளர். கொத்தனார் ஒருவரின் மகனாகப் பிறந்து, தொழில் பயிலுநராகத் தொடங்கி, மாலை வகுப்புகளிற் படித்து முன்னேறியவர் அவர். 1854 ஆம் ஆண்டின் பிரிவினைப்படி நோக்கின், மூளை வேலைக்குரிய வகுப்பைச் சேராதவர். 1944 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதலாவது கொலோசஸ் இயங்கத் தொடங்கியது. யுத்தம் முடிவுறும்போது பத்துப் பொறிகள் இயங்கின.

இப்பொறிகளை இராப்பகலாக இயக்கியவர்கள் கடற்படை மகளிர் சேவையைச் சேர்ந்த இளம் பெண்களாவர். அப்பிரிவில் யுத்த முடிவில் ஏறத்தாழ 270 பெண்கள் பணியாற்றினர். அவர்களுட் பெரும்பாலானோர் முன்னர் இத்தகைய வேலையைக் கண்டும் அறியாதவர். ஆயினும் குறுகிய காலப் பயிற்சியின் பின் அவர்கள் கடதாசி நாடாவைப் பொருத்தி, ஆளிகளை அமைத்து, வெளிவரும் எண்ணிக்கைகளைக் கணித்து வேலையைச் செவ்வனே நடத்தினர். திறன் என்பது பிறப்பாலோ பாலினாலோ வருவதன்று, பயிற்சியும் பொறுப்பும் அளிக்கப்படின் எவரிடத்தும் வளரக்கூடியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆனால் யுத்தம் முடிந்ததும் பெரும்பாலான பொறிகள் உடைத்தழிக்கப்பட்டன. பணியாற்றியோர் வாய்திறவாதிருக்கப் பணிக்கப்பட்டனர். 1970 களின் நடுப்பகுதி வரை இவ்விடயம் வெளியுலகுக்குத் தெரியாதிருந்தது. பிளவர்ஸ் தம் சாதனையைச் சொல்லித் தமது புலமையை நிறுவ இயலாதவரானார். பெண்களோ தாம் கற்ற தொழிலை எங்கும் சான்றாகக் காட்ட இயலாதவராய் வீடு திரும்பினர்.

விலக்கப்பட்ட தரங்கள்

யுத்தத்தின் பின் அரசின் கடமைகள் பல்கிப் பெருகின. சம்பளத்திலிருந்தே வருமான வரியைக் கழிக்கும் முறை 1944 இலும், தேசிய காப்புறுதியும் தேசிய சுகாதார சேவையும் 1948 இலும் நடைமுறைக்கு வந்தன. நாட்டின் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு வைத்து, வாரந்தோறும் செலுத்தும் பணத்தைப் பதிந்து, நோயிலும் முதுமையிலும் கொடுப்பனவு வழங்க வேண்டியதாயிற்று. பொறிகள் இன்றி நலன்புரி அரசு என்பது ஏட்டளவிலேயே நின்றிருக்கும். அப்பொறிகளை இயக்கியோர் பெரும்பாலும் பெண்கள்.

இப்பின்னணியிலேயே சம சம்பளப் போராட்டத்தை நோக்குதல் வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே வேலையைச் செய்தாலும் பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் வழங்குவது அக்கால வழக்கம். நீண்ட போராட்டத்தின் பின்னர், 1955 இற் சிவில் சேவையில் ஆண் பெண் சம்பளத்தைப் படிப்படியாகச் சமப்படுத்த அரசாங்கம் இணங்கியது. 1961 ஆம் ஆண்டு சனவரியில் இது முழுமை பெற்றது. ஆனால் இச்சீர்திருத்தத்தில் ஒரு விலக்கு இருந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து பணியாற்றும் தரங்களுக்கே அது பொருந்தும். பெண்கள் மாத்திரம் பணியாற்றும் தட்டெழுத்தாளர் தரத்திலும் இயந்திர இயக்குநர் தரங்களிலும் ஒப்பிடுவதற்கு ஆண் சம்பளம் என ஒன்று இல்லை. ஆதலின் அங்கே பெண்கள் பெறும் சம்பளமே சரியான சம்பளம் என்று வாதிக்கப்பட்டது. இவை விலக்கப்பட்ட தரங்கள் என அழைக்கப்பட்டன. ஒரு தரத்தைப் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கிவைத்தமையே அத்தரத்தின் தாழ்ந்த சம்பளத்துக்கு நியாயமாகக் காட்டப்பட்டது. அரசாங்க சேவையிற் பெண்கள் மிகுதியாகப் பணியாற்றிய இடங்களிலேயே சம சம்பளம் பொருளற்றதாயிற்று. இலத்திரனியற் கணனிகள் அலுவலகங்களுக்கு வந்த காலம் இதுவேயாகும் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

பயிற்றியவரும் பயிற்றப்பட்டவரும்

ஹிக்ஸ் தமது நூலில் எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்ச்சி இக்காலத்தின் நிலையைத் தெளிவாக்குகின்றது. 1959 ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் பெரிய கணனி நிலையமொன்றில் ஒரு பெண் கணனிகளுக்குச் செய்நிரல் எழுதி, அவற்றை இயக்கி, பரீட்சித்து வந்தார். புதிதாகச் சேர்க்கப்பட்ட இருவருக்கு அவ்வேலையைக் கற்பிக்கும் பொறுப்பும் அவருக்கே அளிக்கப்பட்டது. கணனியைப் பற்றி ஏதும் அறியாதிருந்த அவ்விருவரும் ஆண்கள். ஓராண்டிற் பயிற்சி முடிந்தது. இருவரும் முகாமைப் பதவிகளுக்கு உயர்ந்தனர். நல்ல மூளையும் இவ்வேலையில் தனி நாட்டமும் உடையவர் என மேலதிகாரிகளாலே பாராட்டப்பட்ட அப்பெண், தாம் பயிற்றியவர்களுக்குக் கீழ் உதவியாளராக்கப்பட்டார்.

இது ஒரு தனி அதிகாரியின் ஓரவஞ்சனை அன்று, கொள்கையின் விளைவாகும். கணனி வெறும் கணக்குப் பொறி அன்று, அரச நிர்வாகத்தின் நரம்பு மண்டலம் ஆகக்கூடியது என்பதைத் திறைசேரி 1950 களின் பிற்பகுதியில் உணரத் தொடங்கியது. அவ்வாறாயின் அதனைக் கையாள்பவர் முகாமை அதிகாரம் உடையவராயிருத்தல் வேண்டும். இயந்திர இயக்குநர் தரத்திலிருந்த பெண்களை அந்நிலைக்கு உயர்த்துவது ஒரு வழி. அவ்வழி கைக்கொள்ளப்படவில்லை. நிறைவேற்று வகுப்பிலிருந்த இளம் ஆண்களைத் தெரிவுசெய்து பயிற்றுவதே விரும்பப்பட்டது. ஆனால் அவ்வாண்களுட் பலருக்குக் கணனி வேலையில் நாட்டமிருக்கவில்லை. பொறியோடு பழகுவது தமது தகுதிக்குக் குறைவானது என்று கருதும் சேவையில் வளர்ந்தவர்கள் அவர்கள். சிலர் பயிற்சி முடிந்ததும் கூடிய சம்பளம் நாடித் தனியார் நிறுவனங்களுக்குச் சென்றனர். திறனுடையோர் உயர முடியாமலும், உயர்த்தப்பட்டோர் நிலைக்காமலும் போயினர்.

சேவையை விட்டுச் சென்ற பெண்களின் திறன் எவ்வளவு என்பதற்கு ஸ்ரெபானி ஷேர்லியின் வாழ்க்கை சான்றாகும். இளமையில் தபால் திணைக்களத்தின் டொலிஸ் ஹில் நிலையத்திற் பணியாற்றிய அவர், 1962 இல் ஆறு பவுண் முதலுடன் ஒரு செய்நிரல் நிறுவனத்தைத் தொடங்கினார். திருமணத்தாலும் குழந்தைப்பேற்றாலும் வேலையிழந்த பெண்களை அவர் வீட்டிலிருந்தே பணியாற்ற அமர்த்தினார். பெண் பெயர் கண்டு கடிதங்களுக்குப் பதில் வாராதிருந்தமையால், ஸ்ரீவ் என ஆண் பெயரிற் கையொப்பமிடத் தொடங்கினார் என்பது பலரறிந்த செய்தி. கொன்கோர்ட் விமானத்தின் பறப்புப் பதிவுகளை ஆராயும் செய்நிரலும் அப்பெண்களின் படைப்பே. அரசு பயனற்றது எனக் கைவிட்ட திறன், வீட்டு மேசைகளிலிருந்து ஒரு பெருநிறுவனத்தைக் கட்டியெழுப்பியது.

1968 ஆம் ஆண்டின் இரு நிகழ்ச்சிகள்

1968 ஆம் ஆண்டில் இரு முக்கிய நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. அவ்வாண்டு வெளியான புல்ரன் குழுவின் அறிக்கை சிவில் சேவையைக் கடுமையாகக் கண்டித்தது. எதையும் ஆழக் கற்காது எல்லாவற்றையும் நிர்வகிக்கும் பொதுநிலை அதிகாரியே உயர்ந்தவர் என்ற கொள்கை காலங்கடந்தது. விஞ்ஞானிகளுக்கும் பொறியியலாளருக்கும் ஏனைய நிபுணருக்கும் உரிய பொறுப்பு அளிக்கப்படவில்லை. வகுப்புப் பிரிவுகள் ஒழிக்கப்படல் வேண்டும் என்று அது கூறியது. 1970 இற் சிவில் சேவைக் கல்லூரி திறக்கப்பட்டது. எனினும், அறிக்கையின் மையமான கருத்துக்கள் அரைகுறையாகவே செயற்படுத்தப்பட்டன. அன்றியும், நிபுணர் என்று அறிக்கை கருதியோர் பட்டம் பெற்ற ஆண்களே எனலாம். அட்டை துளைத்துக் கணக்கு முறையை உள்ளும் புறமும் அறிந்திருந்த இயக்குநர் அதன் பார்வையிலும் பெரிதும் படவில்லை.

அதே ஆண்டில், அரசாங்கத்தின் தூண்டுதலாலும் நிதியுதவியாலும் நாட்டின் கணனி நிறுவனங்கள் இணைக்கப்பட்டு ஐ.சி.எல். உருவாயிற்று. அமெரிக்கப் போட்டிக்கு ஈடுகொடுப்பதே இதன் வெளிப்படையான நோக்கம். இதற்குள்ளே இன்னொரு நோக்கமும் இருந்ததாக ஹிக்ஸ் வாதிக்கின்றார். நம்பத்தகுந்த முகாமையாளர் தொகை மிகச் சிறிது. ஆகவே அச்சிலரே முழு வேலையையும் கட்டுப்படுத்தத்தக்க மிகப் பெரிய மையக் கணனிகளை அரசாங்கம் விரும்பியது. ஐ.சி.எல். அவ்விருப்பத்துக்கேற்பப் பெரும் பொறிகளை அமைப்பதில் முனைந்தது. உலகச் சந்தையோ சிறிய பொறிகளை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. இவ்வாதத்தை முழுமையாக ஏற்காதோரும், ஆளணிக் கொள்கை பொறிக் கொள்கையையும் பாதிக்கின்றது என்ற அதன் அடிப்படையை மறுத்தல் அரிது.

இயக்குநரின் பலமும் அரசின் விடையும்

இயந்திர வேலை எனத் தாழ்த்தப்பட்டது உண்மையில் எத்துணை இன்றியமையாதது என்பதைப் பின்வந்த வேலைநிறுத்தங்கள் உணர்த்தின. 1981 இற் பிரித்தானிய சிவில் சேவைத் தொழிற்சங்கங்கள் சம்பளப் பிரச்சினையில் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் போராடின. ஊழியர் எல்லோரையும் வெளியேற்றாமல், வரி அறவிடும் கணனி நிலையங்கள் போன்ற தெரிவுசெய்த இடங்களில் உள்ளோரையே அவை தொடர்ந்து வெளியே வைத்திருந்தன. சிலர் வேலையை நிறுத்தியதும் அரசின் வருமானம் பெருமளவில் தடைப்பட்டது. 1984 இல் நியூகாசில் நகரிலுள்ள சமூகப் பாதுகாப்புக் கணனி நிலையத்தின் இயக்குநர் மாற்றுவேளைக் கொடுப்பனவு பற்றி மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர்.

இதிலிருந்து இருவகைப் பாடங்களைப் பெறலாம். இத்தகைய இன்றியமையாத ஊழியரை மதித்து உயர்த்த வேண்டும் என்பது ஒன்று; அவர்களிற் தங்கியிராத வழியைத் தேட வேண்டும் என்பது மற்றொன்று. அரசு பின்னதையே நாடியது. 1994 இல் உண்ணாட்டு இறைவரித் திணைக்களத்தின் கணனிப் பணி ஈ.டி.எஸ். என்னும் அமெரிக்க நிறுவனத்திடம் பத்தாண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டாயிரம் அரசாங்க ஊழியரும் அதனோடு சென்றனர். செலவு குறையும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் ஊழியரோடு சென்றது அவர்களது உழைப்பு மட்டுமன்று. ஒப்பந்தகாரர் கூறுவது சரியா பிழையா என்று அறியும் அறிவும் அவர்களோடு சென்றது. 2003 இல் அறிமுகமான வரிச்சலுகைக் கொடுப்பனவு முறை தொடக்கத்திலேயே கணனிக் கோளாறுகளால் நிலைகுலைந்தது. பணத்துக்காகக் காத்திருந்த வறிய குடும்பங்களே அதன் சுமையைத் தாங்கின.

உபதபாலதிபர்களின் வழக்கு

இவ்வரலாற்றின் மிகத் துயரமான அத்தியாயம் தபாலகங்களில் நிகழ்ந்தது. முதற் பெண் தந்தியாளரும் பிளவர்ஸும் பணியாற்றிய அதே நிறுவனத்தின் வழிவந்த, அரசுக்குச் சொந்தமான தபாலகக் கம்பனி, 1999 முதற் தன் கிளைகளில் ஹொரைசன் என்னும் கணனிக் கணக்கு முறையைப் புகுத்தியது. அதனை வழங்கியது ஐ.சி.எல். இன் கிளை நிறுவனம். பின்னர் அது புஜிற்சுவின் பெயரிலேயே இயங்கியது. கிளைகளை நடத்தியோர் உபதபாலதிபர்கள். அவர்கள் சட்டப்படி ஊழியரல்லர், ஒப்பந்தத்தின் கீழ் பணியாற்றுவோர். கணக்கிற் குறையும் பணத்துக்கு அவர்களே பொறுப்பு. அவர்களிற் பலர் முன்னர் கணனியைத் தொட்டறியாதவர். மிகக் குறுகிய பயிற்சியே அவர்களுக்கு வழங்கப்பட்டது.

விரைவிலேயே திரையில் விளங்காத பற்றாக்குறைகள் தோன்றலாயின. பேரேட்டுக் காலத்தில் உபதபாலதிபர் ஒருவர் தம் கணக்கைப் பின்னோக்கிச் சென்று பிழையைத் தேட இயலும். புதிய முறையில் அவருக்குத் திரையில் முடிவான தொகை மட்டுமே தெரிந்தது. அது எவ்வாறு வந்தது என்பதை அறியும் வழி அவரிடம் இருக்கவில்லை. உதவி கேட்டோரிற் பலருக்கு, வேறெவரும் இவ்வாறு முறையிடவில்லை என்ற பதிலே கிடைத்தது. பொறி பிழை செய்யாது. ஆகவே பிழை செய்தவர் மனிதர் என்று முடிவு செய்யப்பட்டது. கணனிச் சான்றை முன்வைப்போர் கணனி சரிவர இயங்கியதென்பதை நிரூபிக்க வேண்டும் என்ற சட்ட ஏற்பாடு 1999 ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் நீக்கப்பட்டமையும் இதற்குத் துணையாயிற்று. தபாலக நிறுவனம் தானே வழக்காளியாக நின்று நூற்றுக்கணக்கானோரைக் குற்றவாளிகளாக்கியது. பலர் வீடு வாசலை விற்றுப் பணம் செலுத்தினர். சிலர் சிறை சென்றனர். சிலர் தம்முயிரையே மாய்த்துக்கொண்டனர்.

அலன் பேற்ஸ் என்னும் முன்னாள் உபதபாலதிபரின் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கில், 2019 டிசெம்பரில் மேல் நீதிமன்றம் ஹொரைசனின் குறைபாடுகளை விரிவாக எடுத்துக்காட்டித் தீர்ப்பளித்தது. 2021 ஏப்பிரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் குற்றத் தீர்ப்புகளை நீக்கியது. 2024 இற் பாராளுமன்றம் தனிச்சட்டம் ஒன்றை இயற்றி ஏனைய பலரது தீர்ப்புகளையும் ஒருசேர இரத்துச் செய்தது. செயற்றிறனற்றவர், கணக்கறியாதவர், கள்வர் எனத் தூற்றப்பட்டோர் கூறியதே இருபது ஆண்டுகளின் பின் உண்மையெனத் தெளிந்தது. தினமும் பொறியோடு பழகியவரின் சொல்லை, பொறியை அறியாத மேலதிகாரிகள் பொருட்படுத்தாமையே இதன் அடிப்படை. 1854 இல் வகுக்கப்பட்ட பிரிவினை இங்கே தனது முழு உருவத்தையும் காட்டியது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். அரசாங்க சேவையிற் கணனித் திறன் என்பது ஊழியருக்குச் சில நாட் பயிற்சி அளிப்பதோடு நிறைவுறும் விடயமன்று. அத்திறனுக்குச் சேவையில் ஒரு தரமும் சம்பளமும் பதவியுயர்வு வழியும் இல்லாதவிடத்து, பயிற்சி பெற்றோர் விலகுவர் அல்லது முடங்குவர். அடுத்து, செயற்றிறனை அளப்போர் எதனை அளக்கின்றனரோ அதனையே பெறுவர். விசைகளை எண்ணிய அரசு வேகத்தைப் பெற்றது. பிழை கண்டு குரல் கொடுக்கும் அறிவைப் பெறவில்லை. இறுதியாக, பொறியின் கூற்றும் மனிதரின் கூற்றும் முரணும்போது தீர்ப்பளிக்க வேண்டியவர், பொறியின் உள்ளியல்பை அறிந்தவராய் இருத்தல் வேண்டும். அவ்வறிவை விலைக்கு வெளியே கொடுத்துவிட்ட நிறுவனம் நீதி வழங்கும் ஆற்றலையும் உடன் இழக்கின்றது.

இலங்கையின் அரசாங்க சேவையும் பிரித்தானியர் அமைத்த சட்டகத்திலேயே வளர்ந்தது. மேலே சிவில் சேவையும் கீழே எழுதுவினைஞர் சேவையும் என்னும் அமைப்பு அவர்கள் விட்டுச் சென்றதே. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பல தலைமுறையாக நாடிய எழுதுவினைஞர் உத்தியோகம் அவ்வமைப்பின் கீழ்ப்படியில் அமைந்தது. இலங்கைச் சிவில் சேவை 1963 மே மாதத்துடன் ஒழிக்கப்பட்டு நிர்வாக சேவை தோற்றம் பெற்றது. பெயர்கள் மாறின. ஆனால் கோப்பில் ஒப்பமிடுபவர் அறிவாளி, அதனைத் தயாரிப்பவர் வெறும் கருவி என்ற எண்ணம் பெயர் மாற்றத்தால் மட்டும் மறைவதில்லை. திணைக்களத்துக்குக் கணனி வந்ததும் அதன் முன் அமர்த்தப்படுபவர் யார், அவர் பிழையொன்றைச் சுட்டிக்காட்டும்போது அதனைக் கேட்பவர் யார் என்பன எந்நாட்டு நிர்வாகமும் தன்னைத்தானே வினவிக்கொள்ள வேண்டிய வினாக்களாகும். பிரித்தானியா அவற்றை வினவாது விட்டதன் விலையை, அதற்குக் காரணமாகாத உபதபாலதிபர்களே செலுத்த நேர்ந்தது.